முயல் முத்திரையா, பச்சைப் புள்ளியா?

வேலூர் லாங் பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சிவப்பு லிப்ஸ்டிக். ஒன்றின் அட்டையில் பச்சைப் புள்ளி, இன்னொன்றில் துள்ளும் முயல். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பச்சைப் புள்ளி, உள்ளே அசைவப் பொருள் சேரவில்லை என்கிறது. விலங்கின் மேல் சோதித்தார்களா என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முயல் முத்திரை சோதனையைப் பற்றியது. விலங்கின் மேல் சோதிக்கவில்லை என்கிறது. 1944இல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்த சோதனை முறையில், முயலின் கண்ணுக்குள் ரசாயனத்தை விட்டுப் புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு. விட்டது சீக்கிரம் கழுவிப்போகாது. உதட்டுச் சாயத்துக்காக இப்படி ஒரு வதை எதற்கு? லீப்பிங் பன்னி என்ற அந்தத் துள்ளும் முயல் முத்திரை, மூலப்பொருள் தருபவர்கள் வரை விசாரித்த பிறகே கிடைக்கும். சும்மா ஒரு முயல் படத்தை அச்சடித்துக்கொள்பவர்களும் உண்டு, பார்த்து வாங்குங்கள். அப்புறம், முயல் இருந்தாலும் உள்ளே தேன்மெழுகோ, பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்போ இருக்கலாம். பட்டியலில் 75470 என்ற எண் இருந்தால் அது கார்மைன்தான்.

இந்தியாவில் அழகுப் பொருள்களை விலங்கின் மேல் சோதிப்பதற்கும், அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதிக்கும் 2014லேயே தடை வந்துவிட்டது. அதனால் உள்ளூர்த் தயாரிப்பு என்றால் பச்சைப் புள்ளியே போதும் என்பேன். பல நாடுகளில் விற்கும் கம்பெனி என்றால் முயலைத்தான் தேடுவேன். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விலை கொஞ்சம் கூட என்றாலும் சரி, அதையே வாங்குவேன்.