அலிகரா, காதல் தி கோரா?

அம்மாவோடு பார்க்க இந்த இரண்டு படங்களில் எது சரி என்று தோழி கேட்டாள். இரண்டிலும் நாயகன் தன்பாலீர்ப்புள்ள, வயதில் மூத்த ஆண்.

கதை: ‘அலிகர்’ (இந்தி, 2016) அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிராஸின் உண்மை வாழ்க்கை. ‘காதல் தி கோர்’ (மலையாளம், 2023) கற்பனை. தேர்தலில் நிற்கும் மாத்யூவிடம் மனைவி ஓமனா விவாகரத்து கேட்கிறார்.

தனிமை: சிராஸுக்கு யாருமில்லை. கையில் கோப்பையோடு, லதா மங்கேஷ்கர் பாட்டில் கண்மூடிக் கரையும் மனோஜ் பாஜ்பாயை என்னால் மறக்கவே முடியவில்லை. மாத்யூவாக வரும் மம்மூட்டிக்கோ வீடு நிறைய ஆட்கள், பேச்சுதான் இல்லை.

பெண்ணின் வலி: அலிகரின் அக்கறை வேறு. ‘காதல் தி கோர்’ படத்தில் ஜோதிகாவின் ஓமனாதான் முதுகெலும்பு. கணவரையும் சேர்த்தே விடுவிக்கிறார்.

அம்மாவோடு என்றால் ‘காதல் தி கோர்’. அப்புறம் ஓர் இரவு தனியாக அலிகர்.