கிளட்ச் என்றார்கள், நம்பினேன்: இரண்டு மாதச் சம்பளம் காலி

நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் இன்னும் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் கோபம் ஆறிவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய பிக்கப், சின்ன லாரிகளுக்கு கிளட்ச், கியர்பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் பல்சக்கரம்) வேலை செய்வதில் பேர் வாங்கிய இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனது என் இரண்டு மாதச் சம்பளம். வண்டியில் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைப் பதிவின் கடைசியில் படிப்படியாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வண்டிக்கு 18 வயது. பின்சக்கர டிரைவ், பின்னால் பட்டை ஸ்பிரிங். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ரப்பருக்குள் தொங்கும் சென்டர் பேரிங். முனைகளில், கோணத்திலும் சுற்ற விடும் கிராஸ் என்ற மூட்டுகள். சில மாதங்களாக 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஓர் உறுமல். ஸ்டியரிங் அமைதியாக இருக்கும், தரையும் சீட்டும்தான் அதிரும். 95க்கு மேல் கொஞ்சம் குறையும். நான்கு டயரையும் பேலன்ஸ் செய்து பார்த்தேன், மாற்றமில்லை. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். அதிர்வு அதே இடத்தில், அதே வேகத்தில். டயர் காரணமாக இருந்தால் அது ஸ்டியரிங் பக்கம் இடம் மாறியிருக்க வேண்டும். அது வரை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று இன்னும் இரண்டு சோதனை செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பட்டறைக்காரர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். வேகம் ஏறியதும் கியர் லிவர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி. ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "கிளட்ச்தான் தம்பி. பிரஷர் பிளேட் சமமா உட்காரல. இப்படியே விட்டா கியர்பாக்ஸையும் சேர்த்துத் தின்னுடும்" என்றார்.

அந்தக் கண்ணை மூடியதில்தான் நான் விழுந்தேன். மற்ற பட்டறைக்காரர்களெல்லாம் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே விலை சொன்னவர்கள். இவர் கேட்டார், தொட்டார், தம்பி என்று வேறு கூப்பிட்டார். "அண்ணே, கிராஸ், சென்டர் பேரிங்லாம் பார்த்துடலாமா?" என்று நான் கேட்டது உண்மை. "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்றார். வண்டிக்கு அடியில் அவர் குனியக்கூட இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், பார்த்தும் தலையாட்டினேன்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் மவுன்ட், கூலி. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அங்கேயே போயிற்று. தேய்ந்து மெலிந்த ஒரு பழைய பிளேட்டைத் துணியில் துடைத்துக் காட்டினார்கள். "பாருங்க தம்பி, எப்படி ஓட்டியிருக்கீங்க!" எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அது என் வண்டியிலிருந்து வந்ததுதானா என்று கேட்க இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முன்பு 80க்கு மேல் உறுமியது, இப்போது 50லேயே நடுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதிகம், காலை எடுத்தால் கொஞ்சம் குறைவு.

திரும்பிப் போனேன். "புதுசு தம்பி, ஓட ஓட செட் ஆயிடும். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க." 500 கிலோமீட்டர் ஓட்டினேன். செட் ஆகவில்லை. மறுபடி போனேன். "டயர் வெட்டியிருக்கு, அதான்." டயரை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றேன். "அப்ப ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருக்கும். கழட்டி மிஷின்ல குடுத்து வாங்கணும்." அதற்கும் கொடுத்தேன், சென்டர் பேரிங்கோடு சேர்த்து. கூட்டிப் பார்த்தால் இரண்டு மாதச் சம்பளம். அடுத்த நாளே ஷாஃப்ட் தயார் என்று ஃபோன் வந்தது. நடுக்கம் அப்படியே இருந்தது.

மூன்றாவது முறை போனபோது நான் தம்பி இல்லை. "சார், பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும் சார். இதுக்கு மேல வேணும்னா கிரவுனைத்தான் இறக்கணும்." தம்பியாக இருந்தவன் சாராக ஆகும்போதே தெரிந்துகொள்ள வேண்டும், கணக்கு முடிந்துவிட்டது என்று. அதற்குப் பிறகு ஃபோன் செய்தால் பையன் எடுத்து "ஓனர் வெளிய போயிருக்காரு" என்பான். பின்னால் ஓனர் யாரையோ தம்பி என்று கூப்பிடும் குரல் கேட்கும். யார் பெற்ற பிள்ளையோ.

நேற்று சாயங்காலம் என் சித்தப்பா வந்தார். பழைய லாரிகளோடு ஆயுசைக் கழித்தவர். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, டார்ச்சோடு அடியில் நுழைந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "டேய், அம்புக்குறி எங்கடா?"

விஷயம் இதுதான். ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரே சீரான வேகத்தைக் கடத்தாது. ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இது 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கிராஸ். முன்னால் உள்ளது கெடுப்பதைப் பின்னால் உள்ளது சரிக்கட்டும். அது நடக்க இரண்டு நிபந்தனை: இரண்டு கிராஸின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்கின் காதுகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுவில் உருவினால் வெளியே வரும் பல் இணைப்பை ஒன்றிரண்டு பல் தள்ளிச் செருகிவிட்டால் காதுகள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளும். சரிக்கட்டுவது போய், ஒன்றோடொன்று சேர்ந்து ஆட்டும். இதற்காகவே இரண்டு துண்டிலும் அம்புக்குறி குத்தியிருப்பார்கள். சில வண்டிகளில் தவறாகச் செருகவே முடியாதபடி ஒரு பல்லை அகலமாக வைத்திருப்பார்கள். என் வண்டியில் அந்தப் புண்ணியம் இல்லை.

துருவை கம்பித் தூரிகையால் தேய்த்ததும் அம்புகள் தெரிந்தன. இரண்டும் இரண்டு திசையில். கியர்பாக்ஸை இறக்க ஷாஃப்டைக் கழற்றியவர்கள், உருவிக்கொண்டு வந்ததை வந்த வாக்கில் செருகியிருக்கிறார்கள். ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் போதும்.

அதோடு முடியவில்லை. "மிஷினில் கொடுத்து வாங்கிய" ஷாஃப்டின் குழாய் மேல் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த மண், கை அகலத்துக்கு. பேலன்ஸ் மிஷினில் ஏற்றும் ஷாஃப்டை மண்ணோடு ஏற்ற மாட்டார்கள்; அந்த மண்ணே பேலன்ஸைக் கெடுக்கும். பேலன்ஸுக்காகக் குழாயில் வெல்ட் வைத்த பழைய எடைத் துண்டு பழைய துருவோடு அப்படியே இருக்கிறது. புது வெல்ட் இல்லை, சுரண்டிய அடையாளம் இல்லை. அது எந்த மிஷினையும் பார்க்கவில்லை. என் பணம்தான் பார்த்தது.

பின் ஆக்ஸில் பக்கத்து கிராஸின் மூடியைச் சுற்றி மஞ்சள் பொடி மாதிரி துரு வழிந்திருந்தது. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேயும்போது வருவது. ஷாஃப்டை ஒரு கையிலும் யோக்கை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் டக் டக் என்று ஆட்டம். "கல்லு மாதிரி" இருந்தது இதுதான். முதலில் வந்த உறுமலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார் சித்தப்பா. கிராஸ் தளர்ந்தால் ஷாஃப்ட் மையத்தில் சுற்றாது.

பல் இணைப்பைக் குறிக்கு நேராகச் செருகிவிட்டு ஓட்டினோம். 50இல் வந்த நடுக்கம் போயே போயிற்று. 80க்கு மேல் பழைய உறுமல் மட்டும், பழைய நண்பன் மாதிரி. புது கிராஸுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதன் விலையை அந்த ரசீதுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிளட்ச் இல்லை என்பதை நானே அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். 85இல் போகும்போது, சாலை காலியாக இருக்கும் இடத்தில், நியூட்ரல் போட்டு எஞ்சினை ஐடிலுக்கு விட வேண்டும். நேற்று இரவு செய்து பார்த்தேன். உறுமல் மாறவே இல்லை. எஞ்சினும் கிளட்சும் மெதுவாகச் சுற்றும்போதும் அதிர்வு அப்படியே இருந்தால் அவற்றின் மேல் எப்படிப் பழி போடுவது? நின்ற இடத்தில் எஞ்சினை அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பத்து பைசா செலவில்லாத சோதனை. இரண்டு மாதச் சம்பளம்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. என் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். 85இல் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 11 சுற்று. கிரவுன் விகிதம் 4.1 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று) என்பதால் ஷாஃப்ட் நொடிக்கு 44 சுற்று. டயர் கோளாறு என்றால் 11 தடவை குலுக்கும், அது எண்ணிவிடலாம் போன்ற ஆட்டம். 44 என்பது உறுமல். அதிர்வை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு ஃபோனைச் சீட்டுக்கு நடுவில் தரையில் ஒட்டவைத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண் வந்துவிடும். எனக்கு 44ஐ ஒட்டி வந்தது. அம்புகள் கோணியிருந்தபோதே 50இல் அளந்திருந்தால் ஷாஃப்டின் 26 சுற்றுக்கு இரட்டிப்பாக 52 வந்திருக்கும்; சுற்றுக்கு இரண்டு என்றால் கோணமோ காதுகளின் வரிசையோ தப்பு. இதையெல்லாம் பணம் கொடுத்த பிறகு படித்தேன்.

படிப்படியாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மணி இரண்டாகிவிட்டது, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரல் சோதனை செய்யாமல் கிளட்சைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரலில் சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக் கல்லாகிவிடும். ஷாஃப்ட் கழற்றும் முன் நீங்களே நின்று எல்லா இணைப்பிலும் பெயின்ட் கோடு போட்டு ஃபோட்டோ எடுங்கள்; சில வண்டிகளில் காதுகளை வேண்டுமென்றே தள்ளி வைத்திருப்பார்களாம், அதனால் கண்ணளவை நம்பாமல் குறியை நம்புங்கள். பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு உயர்த்திய வண்டி என்றால் கோணம் மாறியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் கிராஸோடு நெடுந்தூரம் போகாதீர்கள், கழன்று விழுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும்.

அடியில் நுழைவதானால் ஜாக்கியை நம்பி நுழையாதீர்கள். ஷாஃப்ட் கழன்ற வண்டியை கியர் பிடித்து நிறுத்தாது, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். "ஷாஃப்ட் பேலன்ஸ்" என்று ரசீதில் இருந்தால் வெல்ட் எங்கே என்று கேளுங்கள். மீதியைக் கிராஸ் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.