பதட்டத்துக்கு மாத்திரையும் கவுன்சிலிங்கும்: ரெண்டு வருஷம் தாண்டுன என் அனுபவம்

முதல் மாசத்துலயே எழுதியிருந்தா "காசு தண்டம், போகாதீங்க"ன்னுதான் எழுதியிருப்பேன். அதனாலதான் இவ்ளோ லேட்டா எழுதுறேன்.

எனக்கு ஆரம்பிச்சது காலேஜ் ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட் நேரத்துல. பஸ்ல நிக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை மரத்துப்போகும், மூச்சு பத்தாது, இப்பவே செத்துருவோம்னு தோணும், கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். தெருமுனை கிளினிக்ல கேஸ் ட்ரபிள்னு மாத்திரை குடுத்தாங்க. ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல். அப்பா ரிப்போர்ட்ட மடிச்சு கவர்ல வச்சுட்டு "ஒண்ணும் இல்லல்ல, அப்புறம் என்னடா"ன்னாரு. ஆனா அந்த டெஸ்ட் எதுவும் வீண் இல்ல, தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே மாதிரிதான் படபடக்குமாம், அது இல்லன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தத பாக்க முடியும்.

போனது கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபி. கூட்டம் அள்ளும், டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசுனா பெருசு, ஆனா மாத்திரை ஃப்ரீ. பதட்டம் எவ்ளோ இருக்குன்னு பாக்க ஜிஏடி-7னு ஏழு கேள்வி உள்ள ஒரு பேப்பர் குடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க, 21க்கு எத்தனைன்னு மார்க் போடுவாங்க. இதுலயாவது ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குனேன்.

மாத்திரை எஸ்சிட்டலோபிராம். வேலை செய்யவே சில வாரம் ஆகும், அதுக்குள்ள குமட்டல், தூக்கக் கோளாறு, பதட்டமே கொஞ்சம் கூடுன மாதிரிகூட இருக்கும், நிறைய பேரு இந்த இடத்துலதான் விட்டுட்டு ஓடிருவாங்கன்னு நினைக்கிறேன். கூட பதட்டத்த சீக்கிரம் அடக்குற குளோனசெபாம் மாத்திரை கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுத்தாங்க, அது பழக்கமாயிரும்னு சீக்கிரமே நிறுத்திட்டாங்க. இன்னொன்னு பசங்க வெளிய சொல்ல மாட்டாங்க, செக்ஸ் விஷயத்துல ஒரு மந்தம் வரலாம், வெக்கப்படாம டாக்டர்ட்ட சொல்லிருங்க, டோஸோ மருந்தோ மாத்திப் பாப்பாங்க. நீங்களா திடீர்னு மட்டும் நிறுத்தாதீங்க, தலை சுத்தும், ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும்.

கவுன்சிலிங்ல முதல்ல பாத்தவரு "பாசிட்டிவா யோசிப்பா, வீட்ல சொல்றத கேளு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. இத எங்க பெரியம்மாவே ஃப்ரீயா சொல்லுவாங்க. அப்புறம் ஆர்சிஐ (Rehabilitation Council of India) ரிஜிஸ்ட்ரேஷன் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா தேடிப் புடிச்சேன், அங்கதான் விஷயமே ஆரம்பிச்சுது. அந்த மேடம் என்னைய சுத்துற சேர்ல உக்கார வச்சு வேகமா சுத்தச் சொன்னாங்க, அப்புறம் நின்ன இடத்துலயே ஓடணும், ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விடணும். வேணும்னே படபடப்ப வரவச்சு, வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு உடம்புக்கே பழக்குறாங்க, சிபிடினு யோசிக்கிற விதத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சை இருக்கு, அதுல இது ஒரு முறை. அப்புறம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற பஸ்ல சும்மா ஏறி உக்காந்துட்டு இறங்கணும், அடுத்து ஒரு ஸ்டாப், கடைசில நின்னுக்கிட்டே பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும். எப்பவும் கைல தண்ணி பாட்டில் இருந்தாத்தான் எனக்கு தைரியம், அதையும் வீட்ல வச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க பாருங்க, அதுதான் இருக்குறதுலயே கஷ்டம்.

மைனஸ்னா செலவுதான். பிரைவேட்ல ஒரு செஷனுக்கே ஆயிரத்துக்கு மேல. 2017 மனநலச் சட்டத்துல மத்த நோய் மாதிரியே இதுக்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு இருக்கு, ஆனா பெரும்பாலான பாலிசில ஓபி செலவே வராதே, அப்புறம் சட்டம் இருந்து என்ன. கையில காசு இல்லன்னா 14416, டெலி மானஸ்ங்கிற கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், 2022ல இருந்து இருக்கு, ஃப்ரீ, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இப்ப? எப்பவாச்சும் வருது, வந்தாலும் பஸ்ஸ விட்டு இறங்குறதில்ல. அம்மாவுக்கு மாத்திரைய எப்ப நிறுத்துவன்னுதான் கவலை. டோஸ் பாதியாக் குறைச்சாச்சு, மீதிய அடுத்த ரிவ்யூல பாக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு.