“சி.ஜி.யில் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் உஷார்

குறும்படம் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு சி.ஜி. (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) செய்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் கதையில் ஒரு பழைய லாந்தர்தான் முக்கியம். கதாநாயகி அதைத் தூக்கிப் பிடித்தபடி இருட்டு அறைக்குள் வர வேண்டும். தகரத்தில் செய்து, துருப்பிடித்த மாதிரி பெயிண்ட் அடித்து, உள்ளே எல்.இ.டி. வைத்துத் தருகிறேன் என்றார் ஆர்ட் டைரக்டர். சி.ஜி.க்குப் பேசியிருந்தவர் விடவில்லை. “அதுக்கு எதுக்கு சார் செலவு? கையில ஒரு பச்சைக் கலர் குச்சியைக் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

ஷூட்டிங்குக்கு ஆள் வரவே இல்லை. என்ன லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எதையும் கேட்கவும் இல்லை.

ஷாட் வந்ததும் பார்த்தோம், வயிறு எரிந்தது. லாந்தர் விரல்களின் மேல் ஒட்டினாற்போல் மிதக்கிறது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றியிருப்பதாகத் தெரிய வேண்டுமானால் அவற்றை ஒவ்வொரு பிரேமிலும் பிரித்தெடுக்க வேண்டும். நொடிக்கு 24 பிரேம். ஐந்து நொடி ஷாட்டுக்கே 120. அதைத் தொடவே இல்லை. கேட்டால், இப்படிப் பிரித்தெடுக்கிற ரோட்டோ வேலைக்குத் தனி ரேட்டாம்! உள்ளங்கையில் குச்சியின் பச்சை அப்படியே அடிக்கிறது. வெளிச்சம்தான் இன்னும் கொடுமை. விளக்கு ஆடுகிறது, கதாநாயகி முகத்தில் ஒளி அசையவில்லை, சுவரில் நிழலும் நகரவில்லை. கனமான பொருளைத் தூக்கினால் தோள் சற்று இறங்கும், மணிக்கட்டு இறுகும். வெறும் குச்சியை வைத்துக்கொண்டு பாவம், அவர் என்னதான் செய்வார்?

தன் வேலை என்று அவர் காட்டிய ஷோரீல் வீடியோவில் இருந்த நல்ல ஷாட்கள் வேறொருவர் செய்தவை என்பது அப்புறம்தான் தெரிய வந்தது. ஷாட்டை வேறொருவர் திருத்தத் தேவையான பிராஜெக்ட் ஃபைலும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. இப்போது போனே எடுப்பதில்லை.

கடைசியில் ஆர்ட் டைரக்டர் செய்த லாந்தரை வைத்தே மறுபடி எடுத்தோம். அது ஆட ஆட, முகத்தில் ஒளி ஏறி இறங்கியது. நிழல் சுவரில் தானாக ஓடியது. எல்.இ.டி. வயர் மட்டும் ஓரிடத்தில் தெரிந்தது. அதை எடிட்டரே அழித்துவிட்டார். சி.ஜி.க்கு ஏற்ற வேலை அந்த மாதிரிதான்: வயரை அழிப்பது, சுடரைச் சேர்ப்பது, தூரத்துப் பின்னணியை நீட்டுவது. நடிகர் கையில் பிடிக்கிற பொருளை, அதிலும் வெளிச்சம் தருகிற பொருளைச் செய்தே வைத்துவிடுங்கள்.

சி.ஜி.தான் வேண்டும் என்றால், பொருளைக் கை தொடுகிற ஒரு டெஸ்ட் ஷாட்டை முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஷோரீலில் உள்ள ஷாட்களை லேயர் லேயராகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சொந்தமாகச் செய்தவரிடம் அது பெரும்பாலும் இருக்கும். ரோட்டோ, திருத்தங்கள், பிராஜெக்ட் ஃபைல் மூன்றும் பேசிய தொகைக்குள் அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.