பைலடிலா இரும்புத்தாது: கேகே லைன் ரயிலா, ஸ்லரி பைப்பா?

சத்தீஸ்கர் தந்தேவாடா பக்கம் பைலடிலா மலைல, கிரந்துல், பச்சேலினு ரெண்டு இடத்துல அரசு சுரங்க கம்பெனி என்எம்டிசி இரும்புத்தாது வெட்டுது. அது விசாகப்பட்டினம் வந்து சேர ரெண்டு வழி, ஒண்ணு ரயில்வேயோட கேகே லைன் (கொத்தவலசா-கிரந்துல் ரயில் பாதை), இன்னொண்ணு எஸ்ஸார் போட்டு இப்ப ஆர்சலர்மிட்டல் நிப்பான் ஸ்டீல் கைக்கு போயிருக்கற ஸ்லரி பைப், அதாவது தாதுத்தூள தண்ணில கலந்து அனுப்பற குழாய். எது பெட்டர்னு கேட்டா செலவு கம்மிங்கற ஒரே காரணத்துக்காக பைப்னு சொல்லிடறாங்க, எனக்கு அது சரியா படல.

பைப்போட பலத்த முதல்ல சொல்லிடறேன். 267 கிலோமீட்டர், வருஷத்துக்கு 80 லட்சம் டன் போகற மாதிரி போட்டது. தாதுவ மாவா அரைச்சு தண்ணில கலந்து பம்ப் வச்சு தள்றாங்க, விசாகப்பட்டினத்துல தண்ணிய வடிச்சுட்டு பெல்லட் (சின்ன உருண்டை) பண்ணி கப்பல்ல குஜராத் ஹசீராவுக்கு அனுப்பறாங்க. ரேக் (சரக்கு வேகன் வரிசை) கிடைக்கலனு உக்காந்திருக்க வேணாம், காலி வேகன் திரும்பி வர்ற செலவும் கிடையாது. டன்னுக்கு ஆகற செலவுல ரயில் இதுகிட்ட நிக்க முடியாது, ஒத்துக்கறேன்.

ஆனா அதுல போறது தூள் மட்டும்தான். பைலடிலாவுக்கு பேரு வாங்கி குடுத்ததே அந்த கட்டித்தாது, ஸ்பாஞ்ச் அயர்ன்காரங்க (தாதுவ உருக்காமலே இரும்பாக்கறவங்க) கேக்கறதும் அதான், அது பைப்புல போகவே போகாது. அதோட பைப் ஒரு கம்பெனிக்குதான். விசாகப்பட்டினத்துல இருக்கற அரசு ஸ்டீல் பிளான்ட்டான வைசாக் ஸ்டீலுக்கு சொந்த சுரங்கம் இல்ல, என்எம்டிசி கிட்ட வாங்கற தாதுக்கு அது நம்பி இருக்கறது கேகே லைனத்தான். 2009ல ஒடிசா சித்ரகொண்டா பம்ப் ஸ்டேஷன மாவோயிஸ்டுங்க தாக்கினப்போ பைப் மொத்தமும் நின்னுச்சு, நடுவுல ஒரு இடம் போனாலும் கதை அவ்ளோதான்.

கேகே லைன் ஜப்பான் ஸ்டீல் மில்லுங்களுக்கு தாது அனுப்பறதுக்காக 1960கள்ல போட்டது. சுமார் 445 கிலோமீட்டர், 58 டன்னல், சிமிலிகுடா ஸ்டேஷன் 996 மீட்டர் உயரத்துல இருக்கு, லோடு ரேக் அரக்கு வழியா அங்க வரைக்கும் ஏறி அப்பறம் மலை இறக்கமான காட் செக்‌ஷன்ல கடல் மட்டம் பக்கமா இறங்கணும், கிட்டத்தட்ட 4,000 டன்ன பிரேக்ல புடிச்சுக்கிட்டே இறக்கற அந்த லோகோ பைலட்டுங்க வேலைய நெனச்சு பாருங்க. ஹிட்டாச்சிலேர்ந்து வாங்கின டபிள்யூஏஜி-6 எஞ்சின் இந்த லைன்ல ஓடியிருக்கு. பலவீனம்னா மழைக்காலம்தான், 2023 செப்டம்பர்ல கோராபுட் பக்கம் மண் சரிஞ்சு ரூட் அடைபட்டுச்சு. சிங்கிள் லைனா போட்டதால ஒரு எடத்துல அடைச்சா பின்னாடி எல்லா ரேக்கும் வரிசையா நிக்கும். ரெண்டாவது தண்டவாளம் போடற டபுளிங் வேலைய எவ்ளோ வேகமா முடிக்கறாங்களோ அவ்ளோ நல்லது, புது பைப்ப விட இதுக்குத்தான் முதல்ல காசு போடணும்ங்கறது என் கருத்து.

லாரிக்கு இங்க எடமே இல்லனு சொல்ல முடியாது. ஜக்தல்பூர்லேர்ந்து ராய்ப்பூர் ரோட்ல சுமார் 300 கிலோமீட்டர், ரயில்ல போனா கோராபுட், ராயகடானு சுத்திட்டு ரெண்டு மடங்கு தூரம். ராய்ப்பூர் பக்கம் இருக்கற சின்ன பிளான்ட்டுங்க லாரி பக்கம் பாக்கறதுக்கு அதான் காரணம், சத்தீஸ்கர் ராவ்காட் வழியா ஜக்தல்பூருக்கு ரயில் லைன் வந்தா கணக்கு மாறிடும்.

ஜக்தல்பூர் பக்கத்துல இருக்கற நகர்நார் கேஸ் வேற. 2023ல ஓட ஆரம்பிச்ச அந்த ஸ்டீல் பிளான்ட்டுக்கு பச்சேலிலேர்ந்து பைப் போடறாங்க, தூரம் கம்மி, போறது தூள், அதனால அங்க பைப் சரிதான். ஆனா ஃபர்னஸுக்கு வேண்டிய இறக்குமதி கோக்கிங் கோல் (இரும்பு உருக்க வேண்டிய நிலக்கரி) மட்டும் துறைமுகத்துலேர்ந்து ரயில்லதான் மலை ஏறணும், அதுவும் இதே கேகே லைன்லதான்.