அண்ணாநகர் விவாதப் பயிற்சி வகுப்பும் பார்க் 51 வழக்கும்: ஒரு மதிப்பீடு

மதுரை அண்ணாநகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் பெற்று நடத்தப்படும் விவாதப் பயிற்சி வகுப்பொன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால், நடத்துவோரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் ஒரே ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை அதையே அலசுகிறது. அச்சிட்ட கோப்பும் மதிய உணவும் சேர்த்துக் கட்டணம் 600 ரூபாய். நான் சேர்ந்த வகுப்புக்குரிய பொருள், நியூயார்க்கில் 2010-ஆம் ஆண்டு பெருஞ்சர்ச்சைக்குள்ளான பார்க் 51 என்னும் இஸ்லாமிய மையம். ஒரு சமூகத்தின் வழிபாட்டு உரிமையும் இன்னொரு சாராரின் மனப்புண்ணும் எதிரெதிரே நிற்கும்போது எப்படி நியாயமாக வாதாடுவது என்பதே அன்றைய பாடம். கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஆயினும் காலை வகுப்புக்கும் பிற்பகல் வகுப்புக்கும் தரத்தில் பெரிய வேறுபாடு இருந்தது.

முதலில் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பின் சிறப்பே அதுதான். செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிப் படியெடுத்துத் தரும் வழக்கமான வேலையாக இல்லாமல், நடந்ததை வரிசைப்படுத்தி, கட்டடத்தின் இருப்பிடத்தைக் கோட்டுப்படமாகவும் வரைந்து கொடுத்திருந்தார்கள். உலக வர்த்தக மைய வளாகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பார்க் பிளேஸ் என்னும் தெருவில், 1850-களில் எழுப்பப்பட்ட பழைய கட்டடம் ஒன்று இருந்தது. துணிக்கடையாக இயங்கிவந்த அதன் மேற்கூரையை, 2001 செப்டம்பர் 11 அன்று, அல்-காய்தா பயங்கரவாதிகள் அவ்வளாகத்தின் இரட்டைக் கோபுரங்கள் மீது மோதவிட்ட விமானத்தின் சக்கரப் பகுதி ஒன்று உடைத்துக்கொண்டு விழுந்தது. அதன் பின் பூட்டிக்கிடந்த கட்டடத்தை ஷரீஃப் எல்-கமால் என்பவரின் நிறுவனம் 2009-இல் ஏறத்தாழ 48 லட்சம் டாலருக்கு வாங்கியது. இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃபும் அவருடைய மனைவி டெய்சி கானும் அங்கே 13 மாடியில் ஒரு மையம் எழுப்ப முன்வந்தார்கள். அரங்கம், நீச்சல் குளம், கூடைப்பந்துத் திடல், சமையற்கலைப் பள்ளி, தொழுகைக்கூடம் ஆகியவற்றோடு, தாக்குதலில் இறந்தோருக்கான நினைவிடமும் திட்டத்தில் இருந்தது. முதலில் கார்டோபா இல்லம் என்று அழைக்கப்பட்ட அது, பிறகு தெருவின் பெயரையும் கதவெண்ணையும் சேர்த்துப் பார்க் 51 ஆயிற்று.

இந்த விவரங்களை முதல் ஒரு மணி நேரம் பங்கேற்பாளர்களே வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதுவரை கருத்துச் சொல்ல அனுமதி இல்லை. இந்த ஒழுங்கு என்னை மிகவும் கவர்ந்தது. மையம் இடிபாட்டின் மேலேயே எழுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்த சிலர், வரைபடத்தைப் பார்த்ததும் தங்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்ததைப் பக்கத்து இருக்கையிலிருந்து கண்டேன். கோப்பின் மூன்றாம் பக்கம் இன்னும் வலுவானது. பழுதடைந்த அந்தக் கட்டடத்திலேயே 2009-இன் இறுதியில் தொழுகை தொடங்கிவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதைச் செய்தியாகவும் வெளியிட்டது. அப்போது பெரிய கொந்தளிப்பு எதுவும் எழவில்லை. 2010 மே மாதம் வட்டாரச் சமூகக்குழு 29-க்கு 1 என்ற கணக்கில், 10 பேர் வாக்களிக்காமல் ஒதுங்க, திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது. அதையொட்டித்தான் இஸ்லாமிய எதிர்ப்பு வலைப்பதிவர் பமீலா கெல்லர் முதலானோரின் பிரச்சாரம் சூடுபிடித்தது. அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். ஆகஸ்டில் எடுக்கப்பட்ட சிஎன்என் கருத்துக்கணிப்பில் 68 விழுக்காட்டினர் திட்டத்தை எதிர்த்தார்கள். டிசம்பரில் வராத கோபம் மே மாதத்தில் ஏன் வந்தது என்ற வினாவைக் கோப்பு நேராக எழுப்பாமல், தேதிகளை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல கோப்புக்கு அந்த அடக்கம் அழகு.

பயிற்றுநரின் முறை எளிமையானது. பலகையில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் “உரிமை உண்டா?” என்றும் வலப்பக்கம் “செய்வது உசிதமா?” என்றும் எழுதினார். பேச எழுபவர் எவரும் தாம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று முதலில் அறிவிக்க வேண்டும். இடப்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிட்டது. மதச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டி வழிபாட்டு இடங்களை நெருக்கக் கூடாது என்று 2000-இல் இயற்றப்பட்ட சட்டம், இடிப்பதைத் தடுத்திருக்கக்கூடிய பாரம்பரியச் சின்னத் தகுதியைக் கட்டடத்துக்குத் தர மறுத்து 2010 ஆகஸ்ட் 3 அன்று நகரின் ஆணையம் 9-க்கு 0 என எடுத்த முடிவு ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. மேயர் புளூம்பெர்க் அதே நாளில் கவர்னர்ஸ் தீவில் ஆற்றிய உரையில், எரியும் கோபுரங்களுக்குள் ஓடிய தீயணைப்பு வீரர்கள் எவரும் உள்ளிருந்தோரிடம் எந்தக் கடவுளை வணங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை என நினைவூட்டினார். அது வாதத்தைக் காட்டிலும் வலுவாக அறையில் இறங்கியது. அதிபர் ஒபாமா ஆகஸ்ட் 13 அன்று வெள்ளை மாளிகை இஃப்தார் விருந்தில் கட்டும் உரிமையை ஆதரித்துவிட்டு, மறுநாளே, அங்கே கட்டுவது அறிவுடைய முடிவா என்பது பற்றித் தாம் கருத்துச் சொல்லவில்லை என்று விளக்கமளித்ததை எடுத்துக்காட்டி, பலகையின் நடுக்கோட்டை அந்த நாட்டின் அதிபரே போட்டிருக்கிறார் என்றார் பயிற்றுநர். மெச்சத்தக்க கவனிப்பு.

வலப்பக்கம்தான் வகுப்பின் உயிர். இங்கே எவருக்கும் அவரவர் விரும்பிய தரப்பு கொடுக்கப்படுவதில்லை. நெல்பேட்டையில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு எதிர்ப்புத் தரப்பு விழுந்தது. தயங்கிய அவரிடம், “பாய், நீங்கள் நம்புவதைச் சொல்ல வேண்டாம், அந்தப் பக்கத்தில் நிற்கும் நல்ல மனிதர் ஒருவர் என்ன சொல்வாரோ அதைச் சொல்லுங்கள்” என்றார் பயிற்றுநர். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத்துணியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். “அம்மா, என் பிள்ளையின் உடலில் ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை; அந்தத் தூசி எந்தத் தெரு வரைக்கும் பறந்ததோ அந்தத் தெரு வரைக்கும் எனக்கு அது சுடுகாடுதான்; உங்கள் மீது எனக்குக் கோபமில்லை, கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்பது குற்றமா?” என்று, ஆதரவுத் தரப்பில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவியைப் பார்த்துக் கேட்டார். எதிர்ப்பாளர்களை மதவெறியர்கள் என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடலாம் என்று வந்திருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

மாணவியின் மறுமொழியும் சளைத்ததாக இல்லை. “ஐயா, பிள்ளையை இழந்த தாய்மார்களில் தலத் ஹம்தானியும் ஒருவர்” என்று தொடங்கினார். மருத்துவ உதவிப் பயிற்சி பெற்ற நியூயார்க் காவல்துறைப் பயிற்சி வீரரான அவருடைய மகன் சல்மான் அந்தக் கோபுரங்களில் இறந்தவர். உடல் கிடைக்கும்வரை அவர் மீதே சந்தேகப் பேச்சுகள் எழுந்தன. அந்தத் தாய் மையத்துக்கு ஆதரவாகப் பேசினார். அதே நாளில் பென்டகன் என்னும் அமெரிக்க ராணுவத் தலைமையகத்தின் மீது மோதிய விமானத்தின் விமானியுடைய சகோதரி டெப்ரா பர்லிங்கேம் எதிர்த்தார். “இந்த இருவரில் எவருடைய துக்கத்தைப் பொதுமக்கள் உணர்வு என்று எடுத்துக்கொள்வது?” என்று மாணவி முடித்தபோது, பெரியவர், “நல்லாக் கேட்டம்மா” என்று தம் தரப்பை மறந்து சொல்லிவிட்டார். தாக்குண்ட தெற்குக் கோபுரத்திலேயே 17-ஆம் மாடியில் முஸ்லிம்கள் தொழும் அறை ஒன்று இருந்தது என்ற செய்தி கோப்பில் இல்லை. அதை இன்னொரு பங்கேற்பாளர் சேர்த்தார்.

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமை ஒட்டி 1984-இல் கார்மலைட் என்னும் கத்தோலிக்கச் சபையின் கன்னியர் மடம் அமைந்ததும், யூதர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் கன்னியரை இடம் மாறச் சொன்னதும் எதிர்ப்புத் தரப்பு எடுத்த மிக நல்ல எடுத்துக்காட்டு. கன்னியர்கள் குற்றவாளிகள் அல்லர், அவர்களுக்கு உரிமையும் இருந்தது, எனினும் விட்டுக்கொடுத்தார்கள் என்பது வாதம். இதற்குச் சரியான எதிர்வாதம், அங்கே முடிவெடுத்தது அவர்களுடைய திருச்சபை, அரசு அன்று என்பதாகும். கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கேட்டதைக் கொடுக்காவிட்டால் அரசு பிடுங்கலாமா என்பது வேறு. அவ்வளவு தூரம் வந்த விவாதம், உணவு இடைவேளை மணியடித்ததால் பாதியில் நின்றது. பிற்பகலில் அதைத் தொடரவே இல்லை.

பிற்பகல் முழுவதும் மேடைப்பேச்சுக்குப் போய்விட்டது. சாலமன் பாப்பையா அவர்களின் ஊரில் விவாதம் என்றாலே நடுவரும் கைத்தட்டலும் நினைவுக்கு வருவது இயல்பே. பட்டிமன்றத்தை நான் குறைசொல்லவில்லை, அது தனிக்கலை. ஆனால் காலையில் அவ்வளவு நுட்பமாகப் பிரித்த இரு கேள்விகளையும் மாலையில் ஒன்றாகக் கலந்து, எந்த அணிக்குக் கைத்தட்டல் அதிகம் என்று பார்த்து வெற்றியை அறிவித்தார்கள். ஒரு சிறுபான்மையினரின் உரிமை பெரும்பான்மையினரின் ஆரவாரத்துக்குக் கட்டுப்பட்டதா என்பதை நாளெல்லாம் ஆராய்ந்துவிட்டு, தீர்ப்பை ஆரவாரத்திடமே ஒப்படைத்தது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. நடுவராக அமர்ந்த விருந்தினர் கோப்பைப் படித்திருக்கவில்லை என்பதும் வெளிப்படையாகத் தெரிந்தது.

கோப்பின் பெருங்குறை, அது 2010 செப்டம்பரோடு நின்றுவிடுவது. ஃபுளோரிடாவில் டெரி ஜோன்ஸ் என்னும் பாதிரியார் குர்ஆனை எரிக்கப்போவதாக மிரட்டியது கடைசிப் பதிவு. அதனால் மையம் கட்டப்பட்டுவிட்டது என்று பாதிப்பேரும், நீதிமன்றம் தடுத்துவிட்டது என்று மீதிப்பேரும் எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டும் தவறு. சின்னத் தகுதி தொடர்பாகத் தீயணைப்பு வீரர் ஒருவர் தொடுத்த வழக்கு 2011 ஜூலையில் தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் பழைய கட்டடத்திலேயே நியூயார்க் குழந்தைகளின் ஒளிப்படக் கண்காட்சியோடு சிறிய மையம் ஒன்று திறந்தது. இமாமும் கட்டட உரிமையாளரும் ஏற்கெனவே பிரிந்துவிட்டிருந்தார்கள். பதின்மூன்று மாடித் திட்டம் நிறைவேறவில்லை. பின்னர் அந்த மனையில் சொகுசுக் குடியிருப்புக் கோபுரம் எழுந்தது. மையத்தை வேறிடத்துக்கு மாற்றுமாறு 2010-இல் அறிக்கை விட்ட யூத உரிமை அமைப்பான ஏடிஎல், அந்த நிலைப்பாடு தவறென்று 2021-இல் மன்னிப்புக் கேட்டது. உணர்வை மதித்து விலகுங்கள் என்று கேட்டவர்களே பதினோர் ஆண்டு கழித்து என்ன நினைத்தார்கள் என்பது இந்த விவாதத்துக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இன்னொரு விஷயத்தில் வகுப்பை நான் பாதி ஏற்கிறேன், பாதி மறுக்கிறேன். உள்ளூர்ப் பிரச்சினை எதையும் எடுக்கக் கூடாது என்பது விதி. கோயிலும் தர்காவும் ஒரே மலையில் இருக்கும் திருப்பரங்குன்றத்தைப் பற்றி ஒருவர் கேட்டபோது பயிற்றுநர் கையமர்த்திவிட்டார். 2025-இல் இந்த மாவட்டம் பார்த்த பதற்றத்துக்குப் பிறகு அந்த எச்சரிக்கை புரிகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பதால்தான் நெல்பேட்டைப் பெரியவரால் எதிர்த் தரப்பில் நின்று அப்படிப் பேச முடிந்தது. இருந்தாலும் கடைசி அரை மணி நேரமாவது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியிருக்கலாம். நியூயார்க்கில் மனை எவருடையது என்ற சண்டையே இல்லை. குன்றத்திலோ உடைமை வழக்கு 1931-இல் ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மலை கோயிலுக்குரியது, சிக்கந்தர் தர்காவும் அதற்குச் செல்லும் படிகளும் நெல்லித்தோப்பும் முஸ்லிம்களுக்குரியவை என்று பிரித்து முடிவானது. நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவும் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, நல்வாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டே மத உரிமையைத் தருகிறது. ஆகவே அங்கே கற்ற வாதத்தை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது. இதைச் சொல்லாமல் விட்டதால், தேநீர் வேளையில் வராந்தாவில் அவரவர் தமக்கு வசதியாகத் தூக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவை சுருக்கமாக. கூடம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. ஒலிபெருக்கி அடிக்கடி கரகரத்தது. சாப்பாடு சைவம் மட்டும். சாம்பார் சுமார், மோர்க்குழம்பு நன்று. தொழுகைக்காகச் சிலர் இருபது நிமிடம் கேட்டபோது முகம் சுளிக்காமல் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார்கள். வழக்கறிஞர் படிப்பில் இருப்பவர்களுக்கும், குடியிருப்போர் சங்கம், பள்ளி நிர்வாகக் குழு போன்றவற்றில் பேச வேண்டியவர்களுக்கும் இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மேடைக்கூச்சம் போக வேண்டும் என்று மட்டும் வருபவர்களுக்குக் காலைப் பகுதி அலுப்பூட்டக்கூடும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முழுக்கவும் காலைப் பகுதிக்காக. பதிவு செய்யும்போதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்கள், தாமாக அனுப்புவதில்லை. அரை நாள் கட்டணம் உண்டா என்று நான் விசாரித்தேன், இல்லை என்றார்கள்.