இருள் இருளாகவே இருக்க வேண்டும்: மீன் முளைக்கருக்களுக்கான ஒளிச்சுழற்சி இன்குபேட்டர் பற்றி ஒரு மதிப்பீடு

ஸீப்ரா மீனின் முளைக்கருக்களில் உடலின் பகல்-இரவுத் தாளத்தை நடத்தும் உயிர்க்கடிகார மரபணுக்கள் எப்போது இயங்கத் தொடங்குகின்றன என்பதை ஆராய்வதற்காக, விளக்கு தானாக எரிந்து அணையும் இன்குபேட்டர் ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். முட்டைகளைப் பொரிக்க வைப்பதற்கு மட்டும் என்றால் இது குறைசொல்ல முடியாத கருவி. கடிகார மரபணுக்களை ஆராய்பவர்கள் மட்டும் வாங்கியவுடன் இதை நம்பிவிடக் கூடாது.

இந்த மீனின் உறுப்புகளையும் செல்களையும் உடலிலிருந்து பிரித்து வளர்த்தாலும், அவை ஒளியை நேரடியாக உணர்ந்து தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன என்பது 2000ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. முளைக்கருவிலும் அப்படித்தான்: கண் இன்னும் பார்வைக்குத் தயாராகாத முதல் நாளிலேயே, ஒளி பட்டதும் பெர்2 என்ற கடிகார மரபணு தூண்டப்படுகிறது. இருளிலேயே வளரும் கருக்களிலும் கடிகாரம் தானாகத் தொடங்குகிறது. ஆனால் செல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தனித்தனியே ஓடுவதால், பல கருக்களைச் சேர்த்து அரைத்து, மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதைக் காட்டும் ஆர்என்ஏவை அளந்தால் ஏற்ற இறக்கமே இல்லாததுபோல் தோன்றும். எனவே ஒப்பீட்டுக்கு வைக்கும் இருட்டுத் தட்டில் ஒளி துளியும் புகக் கூடாது.

இங்கேதான் இக்கருவி சறுக்குகிறது. இருளில் வைத்த கருக்களிலும் பெர்2 சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் காத்திருந்து கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். பெட்ரி தட்டின் மூடியில் மெல்லிய பச்சைக்கோடு ஒன்று விழுந்திருந்தது. வெப்பநிலையைக் காட்டும் எண்பலகையின் வெளிச்சம் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே கசிந்திருக்கிறது. விளிம்பில் கறுப்பு டேப்பை ஒட்டி, தட்டுகளை அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே அந்தக் கோடு மறைந்தது.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. எண்பலகை 28.5 டிகிரி செல்சியஸ் என்று காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம். விளக்கு எரியும்போது மேல் அடுக்கில் உள்ள நீர் அதைவிடச் சூடாகிறது. வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் மட்டுமே இம்மீனின் கடிகாரத்தைத் திருத்தப் போதுமானது என்பதால், ஒளியின் விளைவு என்று நாம் எழுதிவைப்பது வெப்பத்தின் விளைவாகவும் இருக்கக்கூடும். வெப்பம் கூடினால் வளர்ச்சியும் விரைவதால் கருக்களின் வயதைக் கணிப்பதும் பிசகும். நான் இப்போது கீழ் அடுக்கை மட்டுமே பயன்படுத்துகிறேன். வெப்பமானியையும் நீர் நிரப்பிய ஒரு தட்டுக்குள்ளேயே வைக்கிறேன்.

நிறைகளும் உண்டு. 14 மணி நேர ஒளியும் 10 மணி நேர இருளும் ஒரு நிமிடம்கூடத் தவறாமல் மாறுகின்றன. ஒளியின் அளவையும் நிறத்தையும் தனித்தனியே அமைக்க முடிகிறது. இத்திருத்தங்களுக்குப் பிறகு, மூளையிலுள்ள பினியல் சுரப்பியில், மெலடோனின் ஹார்மோன் உருவாக உதவும் ஆனாட்2 மரபணு இரவில் உயர்ந்து பகலில் தாழ்வதைத் தெளிவாகக் காண முடிந்தது. விற்பனைக்குப் பிந்தைய சேவை சுமார்தான்.

பெரிய குறை ஒன்று மீதமிருக்கிறது: மின்சாரம் நின்று திரும்பினால், இக்கருவி விளக்கு எரியும் நிலையிலேயே தொடங்குகிறது. முதல் நாளில் சிறிது நேரம் படும் ஒளியே கடிகாரத்தை ஒத்திசைக்கப் போதும் என்பதால், அன்றைய இருட்டுத் தட்டுகளை எல்லாம் கொட்டிவிட்டு மறுநாள் முட்டைகளுக்காக மீண்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்குபேட்டரை வாங்குவோர் யுபிஎஸ்ஸையும் சேர்த்தே வாங்குங்கள்.